சக்கரம் குளம்பான கதை: ஈரச் சாலையில் பிக்அப் வண்டி

மழை நனைத்த சாலையில், பின்தொட்டியில் சரக்கு ஏதுமின்றி நிற்கும் பிக்அப் வண்டியைச் சற்று விரைவாகக் கிளப்பினால், அதன் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும். வண்டி முன்னேறாமல் அதன் வால்பகுதி ஒரு பக்கமாக விலகும். ஓட்டுநர் பதறி ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்துவிட்டால் வால் மறுபக்கம் வீசும். அமெரிக்கச் சாலைகளில் பிக்அப் ஓட்டும் பலரும் அறிந்த அனுபவம் இது. இரண்டு டன் எடையுள்ள வண்டி, முந்நூறு குதிரைகளின் ஆற்றல் கொண்ட எஞ்சின், தலைமயிரின் பருமன்கூட இல்லாத ஒரு நீர்ப்படலத்தின் முன் ஏன் இப்படித் தோற்றுப்போகிறது?

பொறியியல் நூல்கள் இதற்கு இரண்டு வரியில் விடை சொல்லிவிடும். அந்த இரண்டு வரியை எழுதுவதற்கு மனிதருக்கு இருநூறு ஆண்டுகள் ஆயின என்பதுதான் நம்மை ஈர்த்த செய்தி. உராய்வை ஆராய்ந்த அறிஞர்கள், சேற்றில் சிக்கிய உழவர்கள், விமானதளப் பொறியாளர்கள் எனப் பலரும் இந்த வரலாற்றில் வருகிறார்கள். கடல் கடந்து சென்று பால்மரம் சீவிய நம் மக்களுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. இலக்கியம் பேசும் அன்பர்கள் டயரையும் கியரையும் பற்றி எதற்குப் படிக்கவேண்டும் என்று ஐயுறுவோர், கட்டுரையின் நடுப்பகுதி வரையேனும் எங்களோடு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இழுபடும் சக்கரமும் உந்தும் சக்கரமும்

மாட்டுவண்டியின் சக்கரத்துக்குத் தரையைப் பற்றிக்கொள்ளும் வேலை இல்லை. அது உருண்டால் போதும். தரையைப் பற்றி உந்துவது மாட்டின் குளம்பு. வண்டி வழுக்குகிறதென்றால் மாடு வழுக்குகிறது என்றே பொருள். அதனால்தான் குளம்புக்கு லாடம் அடித்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாகச் சக்கரம் இவ்வாறு இழுபடும் பொருளாகவே இருந்தது.

நீராவி எஞ்சின் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. சக்கரமே சுழன்று, சக்கரமே தரையைப் பற்றி, வண்டியை முன்னே தள்ளவேண்டும். அதாவது சக்கரம் குளம்பின் வேலையையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தைப் பற்றுமா என்ற ஐயம் அக்காலப் பொறியாளர்களை வெகுவாக வாட்டியது. இங்கிலாந்தின் ஜான் பிளென்கின்சாப் 1811இல் பல்சக்கரமும் பல்தண்டவாளமும் கொண்ட ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்று, மறு ஆண்டு லீட்ஸ் நகரத்தை அடுத்த மிடில்டன் சுரங்கப் பாதையில் அதனை ஓட்டிக்காட்டினார். பல் இல்லாமல் பிடிப்பு வாராது என்பது அவர் துணிபு. அதே காலத்தில் வைலம் சுரங்கத்தில் வில்லியம் ஹெட்லி சோதனைகள் செய்து, வண்டியின் எடை போதுமானதாக இருந்தால் வழவழப்பான சக்கரமே போதும் என்று காட்டினார். சக்கரத்தின் மேல் அமரும் எடையே பிடிப்பின் ஊற்று என்னும் அந்தப் பாடத்தை நூறாண்டுக்குப் பின் பிக்அப் வண்டியை வடிவமைத்தவர்கள் வேறு வழியின்றிப் புறக்கணிக்க நேர்ந்தது.

இதன் கோட்பாடு ஹெட்லிக்கும் முந்தியது. லியனார்டோ டா வின்சி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் குறிப்பேடுகளில் உராய்வைப் பற்றி எழுதிவைத்தார். அவை நெடுங்காலம் வெளியுலகம் அறியாமல் கிடந்தன. 1699இல் பிரான்சின் கியோம் அமோன்டோன், உராய்வு விசை எடைக்கு ஏற்ப வளர்கிறது என்ற விதியை மீண்டும் கண்டு சொன்னார். 1785இல் வெளியான கூலம்பின் ஆய்வு, நிற்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசையும் நகரும் பொருளை வழுக்கிக்கொண்டே இருக்கச் செய்யும் விசையும் வேறு வேறு என்று தெளிவுபடுத்தியது. பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு வலிமை அதிகம். ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால் பிடிப்பு குறையும். வழுக்கும் வேளையில் மேலும் ஆக்சிலேட்டரை மிதிப்பது பயனற்றது என்பதன் காரணம் இதுவே.

பண்ணை வாசலில் பிறந்த வண்டி

1925ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் ஒரு இரும்புத் தொட்டியைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 281 டாலர். ஆற்றல் 20 குதிரைத்திறன். அதற்கு முன்பும் காரின் பின்பகுதியை அறுத்துப் பலகைத் தொட்டி பொருத்திய உழவர்கள் அமெரிக்காவெங்கும் இருந்தனர். அவர்கள் தம் கொட்டகையில் செய்ததைத் தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்தது ஃபோர்டு. முதல் ஆண்டிலேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

இவ்வண்டியின் அமைப்பில் ஒரு முரண் பிறவியிலேயே அமைந்துவிட்டது. எஞ்சின் முன்னால், ஆட்கள் அமரும் இடம் முன்னால், உந்தும் சக்கரங்கள் மட்டும் பின்னால். தொட்டியில் சோள மூட்டையோ பால் பாத்திரமோ உரமோ ஏறினால் அந்த எடை பின்னச்சின் மேல் அமர்ந்து சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்னச்சின் மேல் காற்றைத் தவிர வேறொன்றும் இராது. பாரம் சுமக்கையில் வழுவாத வண்டி பாரம் இறங்கியபின் வழுக்கியது. சுமைக்காகப் பிறந்த வண்டிக்குச் சுமையின்மையே குறையாயிற்று.

ஒரு தோராயக் கணக்கைப் பார்ப்போம். 2,000 கிலோ எடையுள்ள வெற்றுப் பிக்அப் வண்டியில் சுமார் 1,200 கிலோ முன்சக்கரங்களின் மேலும் 800 கிலோ பின்சக்கரங்களின் மேலும் இருக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் கெழு 0.8 அளவில் இருக்கும். நனைந்த சாலையில் அது 0.5 அல்லது அதற்கும் கீழே இறங்கும். எனவே நனைந்த சாலையில் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடிய உந்துவிசை 400 கிலோ எடைக்கு நிகரானது. எஞ்சின் தரும் விசையோ மிகப் பெரிது. 2024ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 வண்டியின் அடிப்படை எஞ்சின் 325 குதிரைத்திறன் கொண்டது. அதன் முழு முறுக்குவிசை முதல் கியரிலும் பின்னச்சின் பல்சக்கரங்களிலும் பெருகி டயரை அடையும்போது இரண்டாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்கு நிகராகிவிடும். தரை தாங்குவதைப் போல் ஐந்து மடங்கு! ஓட்டுநரின் வலது பாதத்தின் நிதானம் ஒன்றே இடையில் நிற்கும் தடை.

உலர்ந்த சாலையில் வண்டி விரைவாகக் கிளம்பும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்களுக்குச் சிறிது உதவும். ஈரச் சாலையில் வண்டி விரைவாகக் கிளம்பவே இயலாதாகையால் அந்த உதவியும் கிட்டுவதில்லை.

உழவர்கள் இதற்குத் தாமே மருந்து கண்டனர். மாரிக்காலம் வந்ததும் மணல்மூட்டைகளைத் தொட்டியில் ஏற்றி வைத்தனர். அவ்வழக்கம் இன்றளவும் அங்கு உண்டு. மூட்டையைப் பின்னச்சுக்கு நேர் மேலே வைத்தால் பயன். தொட்டியின் கடைக்கோடியில் வைத்தால் நெம்புகோல் போல முன்பகுதி எழும்பி, திசைதிருப்பும் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். கட்டாமல் வைத்த மூட்டை விபத்து நேர்கையில் ஓட்டுநரின் முதுகை நோக்கிப் பாயும். நாட்டு மருந்துக்கும் பத்தியம் உண்டு அல்லவா?

சமநீதி வழங்கும் பல்சக்கரங்கள்

வண்டி திரும்புகையில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்லவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஏதேனும் ஒன்று தேய்ந்தே தீரும். இதற்குத் தீர்வாக, பிரெஞ்சுக்காரரான ஒனெசிஃபோர் பெக்கூர் 1827இல் தம் நீராவி வண்டிக்கு ஒரு பல்சக்கர ஏற்பாட்டை வகுத்தார். டிஃபரன்ஷியல் என்று நாம் அழைப்பது அதன் வழிவந்ததே.

டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகப் பகிர்ந்தளிக்கும். கேட்பதற்கு நீதியாகத் தோன்றும் இந்த ஏற்பாடு ஈரச் சாலையில் அநீதியாக முடிகிறது. ஒரு சக்கரம் எண்ணெய் படிந்த ஈரத்தில் நிற்கிறது. மற்றொன்று நல்ல தரையில் நிற்கிறது என்று கொள்வோம். எண்ணெயில் நிற்கும் சக்கரம் சிறு விசைக்கே வழுக்கிவிடும். சமமாகப் பகிரும் விதியினால் நல்ல தரையில் நிற்பதற்கும் அந்தச் சிறு விசையே கிடைக்கும். வலியது நலிந்ததின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நலிந்தது வீணே சுழல, வலியது கைகட்டி நிற்கிறது.

பெரும்பாலும் முதலில் சுழல்வது வலப்பக்கப் பின்சக்கரம் என்பதைக் கவனித்தவர்கள் உண்டு. இது தற்செயலன்று. எஞ்சினிலிருந்து பின்னச்சுக்கு வரும் நீண்ட தண்டு சுழலும்போது அந்த முறுக்கின் எதிர்விளைவு அச்சின் இடப்பக்கத்தைத் தரையில் அழுத்தி வலப்பக்கத்தைச் சற்றே தூக்குகிறது. சரக்கில்லாத வண்டியில் இச்சிறு தூக்கலே வலச்சக்கரம் வழுக்கப் போதுமானது.

இரு சக்கரங்களையும் வேண்டும்போது ஓரளவு பிணைக்கும் ஏற்பாட்டை 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே நாடினார். ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பேராற்றல் சக்கரங்களை வீணே சுழற்றியதுதான் காரணம். அதற்காக ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 1935இல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்து தந்தது. அமெரிக்காவில் 1956இல் பாக்கார்டு கார்களும் 1957இல் செவ்ரலே கார்களும் இவ்வகை ஏற்பாட்டைப் பெற்றன. செவ்ரலே வைத்த 'பாசிட்ராக்ஷன்' என்ற பெயர் அந்நாட்டுப் பேச்சுவழக்கில் பொதுப்பெயர் போலவே ஆகிவிட்டது. ஈட்டன் நிறுவனத்தின் பூட்டும் டிஃபரன்ஷியல் 1973 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப் வண்டிகளில் கிடைத்தது. நான்கு சக்கரங்களாலும் உந்தும் பிக்அப் வண்டிகளுக்குப் போர் வழிகாட்டியது. போர்க்கள வண்டிகளின் வழித்தோன்றலான டாட்ஜ் பவர் வேகன் 1946இலும், வில்லிஸ் ஜீப்பின் பிக்அப் 1947இலும் பொதுமக்கள் கைக்கு வந்தன.

ஆயினும் ஒவ்வொரு மருந்தும் புதிய நோயொன்றைக் கொண்டுவந்தது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றொன்று உருண்டபடியே வண்டியின் வாலைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டையும் பிணைத்துவிட்டால் வழுக்கும்போது இரண்டும் சேர்ந்தே வழுக்கும்; வாலைப் பிடித்துவைக்க எதுவும் இராது. டயரின் பிடிப்பு ஒரு கைப்பிடி அரிசி போன்றது. அதை முன்னே செல்வதற்கும் பக்கவாட்டில் நிற்பதற்கும் பகிர்ந்து கொடுக்கவேண்டும். முழுவதையும் முன்செல்வதற்கே செலவிட்டால் பக்கவாட்டில் நிற்க ஒன்றும் மிஞ்சாது. பின்பகுதி மீனின் வால் போல வீசுவது இதனாலேயே.

பால்மரமும் மழைநாளும்

இனி டயருக்கு வருவோம். ராபர்ட் தாம்சன் 1845இல் காற்றடைத்த டயருக்கு முதற் காப்புரிமை பெற்றார். அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் அதனை மீண்டும் கண்டுபிடித்தார். தொடக்ககால டயர்கள் வழவழப்பானவை. மழையில் அவை படுத்திய பாட்டைத் தாளாது நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904இல் டயரைச் சுற்றி அணியும் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 'ஃபயர்ஸ்டோன் நான் ஸ்கிட்' என்ற ஆங்கில எழுத்துகளையே டயரின் முகத்தில் வரிசையாகப் பொறித்தது. வண்டி போன சேற்றில் விளம்பரமும் பதிந்துகொண்டே போயிற்று. எழுத்து இவ்வாறு உயிர்காத்த இடம் வேறெங்கேனும் உண்டா என்று எழுத்தை நேசிக்கும் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? 1920களில் உலகின் ரப்பரில் பெரும்பகுதியை உண்டது அமெரிக்கா. அதனை விளைவித்ததில் முதலிடம் பிரித்தானிய மலாயாவுக்கு. மலாயாத் தோட்டங்களில் மரம் சீவியவர்களில் பெருந்தொகையினர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட ஏழை மக்கள். ஆகவே 1925இல் ஒரு அமெரிக்க உழவர் 281 டாலர் கொடுத்து வாங்கிய வண்டியின் டயரில், பேராக்கிலோ சிலாங்கூரிலோ விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் உழைப்பு கலந்திருக்கக்கூடும். இதை நாம் கற்பனை நயத்துக்காகச் சொல்லவில்லை. அக்கால ரப்பர் வணிகம் சென்ற பாதையே அது.

மழைக்கும் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் சீவிய கோட்டில் இறங்காமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். மங்கில் தேங்கிய பாலோடு மழைநீர் கலந்து கெட்டுவிடும். எனவே மழைநாளில் மரம் சீவ இயலாது. சீவாத நாளுக்குக் கூலி கேள்விக்குறி. மழைச் சாலையில் வண்டி நழுவாமலிருக்க உதவும் பொருளைத் தந்தவர்களின் வாழ்வே மழைநாளில் நழுவியது. 1922இல் பிரித்தானிய அரசு ஸ்டீவன்சன் திட்டத்தின் வழியே ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியபோது அமெரிக்க முதலாளிகள் கொதித்தெழுந்தனர். ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசான் காட்டில் ஃபோர்ட்லாந்தியா என்னும் தோட்ட நகரைத் தொடங்கித் தோல்வி கண்டார். டயர்களின் வரலாற்றை எழுதுவோர் இம்முதலாளிகளின் பெயர்களைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர். மரம் சீவியவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. அந்நாட்டில் டயர்களுக்குப் பங்கீடு வந்தது. டயர் தேயாமலிருக்க மணிக்கு 35 மைல் என்று நாடெங்கும் வேக வரம்பு விதித்தார்கள். அரசின் பெருமுயற்சியால் ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சேர்ந்த செயற்கை ரப்பர் ஆலைகள் எழுந்தன.

பஞ்சத்துக்கு மாற்றாக வந்த அந்தச் செயற்கை ரப்பரிடம் எதிர்பாராத குணமொன்று இருந்தது. இயற்கை ரப்பரை அழுத்தி விட்டால் கொடுத்த ஆற்றலைப் பெரும்பாலும் திருப்பித் தந்து துள்ளும். செயற்கை ரப்பரோ ஒரு பகுதியை வெப்பமாகத் தன்னுள் விழுங்கிவிடும். நீர் பரவிய சாலையில் ரப்பரும் கல்லும் நேரே ஒட்டிப் பிடிப்பது குறைந்துபோகிறது. அப்போது கல்லின் முனைகளில் ஏறி இறங்கி நசுங்கும் ரப்பர் விழுங்கும் ஆற்றலே பிடிப்பாக நிற்கிறது. கேம்பிரிட்ஜின் டேவிட் டேபரும் அவருடைய சகாக்களும் 1950களில் இதனை விளக்கினர். விழுங்கும் குணம் மிகுந்த ரப்பர் ஈரத்தில் நன்கு பிடிக்கும்; ஆனால் உருளும்போது எரிபொருளையும் மிகுதியாகக் கேட்கும். இவ்விரண்டையும் ஓரளவு சமரசப்படுத்த, கரிக்குப் பதில் சிலிக்காவைக் கலந்த டயர்களை மிஷ்லான் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது.

நீர் செய்வது என்ன?

ஈரச் சாலை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இருவகைத் தீங்குகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வது இன்றும் வழக்கமாக இருக்கிறது.

முதலாவது, மெல்லிய படலம். பல நாள் காய்ந்த சாலையில் எண்ணெய்ப் பிசுக்கும் ரப்பர்த் துகளும் தூசியும் படிந்திருக்கும். முதல் தூறல் அவற்றைக் கழுவிச் செல்லாமல் குழைத்து வைக்கும். பெருமழையில் சாலை கழுவப்பட்டபின் இருப்பதைவிட முதல் தூறலில் வழுக்கல் மிகுதி. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் 1975 முதல் 2000 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 2004இல் டேனியல் ஐசன்பெர்க் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரணாகிறது. முந்திய மழைக்குப்பின் கழிந்த நாள்கள் கூடக்கூட, அடுத்த மழையின் ஆபத்தும் கூடுகிறது என்று அவர் கண்டார். சிக்னலில் நின்று கிளம்பும் பிக்அப் சுழல்வது இம்மெல்லிய படலத்தினால்தான்.

இரண்டாவது, தேங்கிய நீரில் விரைந்து செல்லும்போது டயர் நீரை விலக்க நேரமின்றி அதன் மேலேயே மிதப்பது. இதனை விமானங்களுக்காக ஆராய்ந்தவர் நாசாவின் லாங்லி ஆய்வகத்து வால்டர் ஹோர்ன். 1963இல் அவரும் ராபர்ட் டிரெஹரும் வெளியிட்ட அறிக்கையிலுள்ள சூத்திரம் எளியது. டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 36 பவுண்டு அழுத்தத்தின் வர்க்கமூலம் 6. எனவே சுமார் 62 மைல், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். டயரின் வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றும் வரை இந்த அபாயம் தள்ளிப்போகும். தேய்ந்த டயரில் முன்னதாகவே வரும். மணலில் சிக்கிய வண்டிக்குக் காற்றைக் குறைத்தால் நன்மை. அதே உபாயத்தை மழைச்சாலைக்கும் கொண்டுவருவோர் மிதக்கும் வேகத்தைத் தாமே கீழே இறக்கிக்கொள்கிறார்கள்.

குற்றம் ஓட்டுநரிடமா, வண்டியிலா, சாலையிலா? இக்கேள்வியில் சாலையின் பங்கை அளந்து காட்டியவர்களுள் முன்னோடி, அயோவா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரால்ஃப் மோயர். அவர் 1934இல் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு சாலைப் பரப்புகளில் உலர்ந்தும் நனைந்தும் டயர்கள் எவ்வாறு வழுக்குகின்றன என்பதை எண்களால் நிறுவியது. அதுவரை வழுக்கியவர் கவனமற்றவர் என்பதே பொதுத் தீர்ப்பு. தொடர்ந்து செல்லும் டயர்களால் மெருகேறி வழவழப்பாகிவிடும் கல்லைச் சாலையில் இட்டவருக்கும் அதில் பொறுப்புண்டு என்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்தின. விமான ஓடுபாதைகளில் நீர் வடியக் கீறப்பட்ட வரிப்பள்ளங்கள் 1960களிலிருந்து அமெரிக்க நெடுஞ்சாலைகளின் அபாய வளைவுகளிலும் கீறப்பட்டன. கலிஃபோர்னியா இதில் முன்னின்றது.

பாதத்துக்கு மேல் ஒரு காவல்

1977 முதல் ஃபோர்டின் எஃப் வரிசைதான் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் டிரக். இக்காலத்தில் பிக்அப் வண்டி பண்ணையை விட்டு நகரத்துக்குக் குடியேறியது. பள்ளிக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் குடும்ப வண்டியாயிற்று. ஆற்றல் பதினாறு மடங்கு பெருகியது. தொட்டி பெரும்பாலும் காலியாகவே ஓடியது. பண்ணையில் வழுக்கிய வண்டி சேற்றில் சிக்கும். நகரச் சந்திப்பில் வழுக்கிய வண்டி எதிர்த்தடத்தில் போய் நிற்கும். விளையாட்டாகச் சொல்லப்படும் வழுக்கல் கதைகளுக்குப் பின்னே இறந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறப்பதற்கில்லை.

மின்னணுவியல் இங்கே நுழைந்தது. 1971இல் பியூக் கார்களில் வந்த 'மேக்ஸ்டிராக்' என்ற ஏற்பாடு, பின்சக்கரம் வீணே சுழல்வதை உணர்ந்து எஞ்சினின் தீப்பொறியைத் தடுத்து ஆற்றலைக் குறைத்தது. காலத்துக்கு முந்திய அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1987இல் ஃபோர்டு பிக்அப் வண்டிகளுக்குப் பின்சக்கரங்களில் மட்டும் ஏ.பி.எஸ். பிரேக் பொருத்தப்பட்டது. கிளம்பும்போது சுழல்வதும் பிரேக் மிதிக்கும்போது பூட்டிக்கொள்வதும் ஒரே எடைக்குறைவின் இரு முகங்கள் என்பது இதனால் விளங்கும். 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சொகுசுக் கார்களிலும், பின்னர் படிப்படியாகப் பிக்அப் வண்டிகளிலும் டிராக்ஷன் கண்ட்ரோல் வந்தது. சுழலும் சக்கரத்தை மட்டும் இது பிரேக் பிடித்து அடக்கும். டிஃபரன்ஷியலோ அந்தத் தடையையும் ஒரு சுமையாகக் கருதி, அதற்கு ஈடான விசையை மறுசக்கரத்துக்கும் அனுப்பும். பெக்கூரின் சமநீதி ஏமாற்றப்பட்டு நன்மை விளைவது சுவையான முடிச்சு.

1995இல் மெர்சிடிஸ் கார்களில் வந்த நிலைப்புக் கட்டுப்பாட்டு ஏற்பாடு, வண்டி ஓட்டுநர் திருப்பிய திசையில்தான் செல்கிறதா என்றே கண்காணித்தது. இதனை 4,536 கிலோவுக்கு உட்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும் பொருத்தவேண்டும் என்று அமெரிக்க அரசு 2007இல் விதி வகுத்தது. 2012ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சாதாரணப் பிக்அப் வண்டிகளும் அதில் அடங்கும். 2021இல் வந்த ரிவியன் மின் பிக்அப்பில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு தனி மோட்டார்கள். டிஃபரன்ஷியல் என்னும் நடுவரே அங்கு தேவைப்படவில்லை.

எனினும் இக்காவலர்கள் எவரும் பிடிப்பை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. ஹெட்லி கண்ட எடையும் டேபர் கண்ட ரப்பரும் மோயர் அளந்த சாலையும் தருவதற்கு மேல் ஒரு துளியும் கணினியால் தர இயலாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரை தேயலாம் என்பது சட்டம்; அதன் இருமடங்கு ஆழத்தை எட்டும்போதே ஈரப்பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சட்டம் அனுமதிக்கும் டயரும் மழை அனுமதிக்கும் டயரும் ஒன்றல்ல.

பழைய வண்டிகளை வைத்திருப்போர் இன்றும் பலர். அவர்களுள் பெரும்பாலோர் புதியது வாங்க இயலாத உழைப்பாளிகள்: தச்சர்கள், தோட்ட வேலை செய்வோர், கூரை வேய்வோர். 2007இன் விதி அவ்வண்டிகளைத் தொடாது. அவர்களுக்கு இந்த வரலாறு விட்டுச்செல்லும் அறிவுரை எளியது. முட்டையின் மேல் பாதம் வைப்பதுபோல் ஆக்சிலேட்டரைத் தொடவேண்டும். கையால் மாற்றும் கியரானால் இரண்டாம் கியரில் கிளம்பலாம். கட்டிவைத்த சுமையைப் பின்னச்சின் மேல் ஏற்றலாம். திருப்பத்தில் கிளம்புவதைத் தவிர்த்து, வண்டி நேரானபின் வேகம் கூட்டவேண்டும். வால் விலகினால் பிரேக்கைத் தொடாமல், காலை மெல்லத் தளர்த்தி, செல்லவேண்டிய திசையை நோக்கி ஸ்டீயரிங்கைத் திருப்பவேண்டும். பல நாள் வெயிலுக்குப்பின் வரும் முதல் தூறலைப் பெருமழையைவிட அதிகமாக அஞ்சவேண்டும்.

பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். அமோன்டோனின் விதியும் பெக்கூரின் பல்சக்கரமும் மலாயாத் தோட்டத்தின் பாலும் அயோவாவின் அளவுகோலும் அந்த உள்ளங்கை அகலத்தில் சந்திக்கின்றன. இத்தனை பேர் சேர்ந்து தேடித்தந்த பிடிப்பை ஒரு கண நேரத்து அவசரம் உதறிவிடக்கூடும். ரப்பர்த் தோட்ட வாழ்வைப் பற்றிக் குடும்ப நினைவுகள் உள்ள அன்பர்கள், சிறப்பாக மழைநாள் கூலியைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டவர்கள், அவற்றை எழுதிவைக்க வேண்டுகிறோம். டயர் நிறுவனங்களின் ஏடுகளில் இல்லாத பக்கங்கள் அவை.